மார்க்கைத் தாண்டி விடைகளைப் பார்த்தபோது உங்கள் வகுப்பில் என்ன மாறியது?

கணித ஆசிரியை, நடுநிலை வகுப்புகள்

தேர்வு முடிந்ததும் மார்க்கைப் பதிவேட்டில் ஏற்றுகிறோம், சராசரி போடுகிறோம், யார் தேறவில்லை என்று பட்டியல் எடுக்கிறோம். மறுநாள் வகுப்பில் எதை வேறுமாதிரி நடத்துவது என்று அந்தப் பட்டியல் சொல்வதே இல்லை. அதைச் சொல்வது பிள்ளைகள் எழுதிய தவறான விடைகள். அப்படிப் பார்த்துப் பாடத்தை மாற்றிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும், எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தசம எண்களை ஒப்பிடும் பாடம். 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேட்டிருந்தேன். நிறைய பேர் 0.35 என்று எழுதியிருந்தார்கள். நாலைவிட முப்பத்தைந்து பெரியது அல்லவா, அந்த நினைப்பு. கணக்கு எடுக்கும் எல்லோரும் பார்த்த தவறுதான் இது. ஆனால் அதே தாளில் 0.3, 0.47 என்று இன்னொரு ஜோடியும் வைத்திருந்தேன். முதல் கேள்வியைச் சரியாகச் செய்த சிலர் இதில் 0.3 பெரியது என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பத்தில் ஒரு பங்கைவிட நூறில் ஒரு பங்கு சின்னதுதானே டீச்சர்? அப்போ நூறு வரைக்கும் போற எண் சின்னதாத்தான் இருக்கும்" என்றாள். பங்கு சின்னது என்பது சரி. எத்தனை பங்கு என்பதை விட்டுவிட்டாள்.

இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மார்க் என்பதைக் கவனியுங்கள். ஒன்று சரி, ஒன்று தப்பு. மொத்த மார்க்கை மட்டும் பார்த்தால் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே பாடத்தை மறுபடி நடத்தியிருப்போம். நான் பிரித்துக்கொண்டேன். முதல் கூட்டத்துக்கு நூறு கட்டம் போட்ட தாள் கொடுத்தேன். 0.4-க்கு நாலு முழு வரிசை வண்ணம் தீட்டவேண்டும், 0.35-க்கு மூன்று வரிசையும் ஐந்து கட்டமும். அடுத்த கூட்டத்துக்கு எண்கோடு. 0.3 என்பது நூறில் முப்பது பங்கு என்று அவர்களே குறித்துவிட்டு, அதற்குப் பிறகு நாற்பத்தேழைத் தேடினார்கள். வலப்பக்கம் பூஜ்யம் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கும் உத்தியை அன்றைக்கு வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சரியான விடையை எழுதிவிடுவார்கள், உள்ளே இருக்கும் தவறான எண்ணம் அப்படியே தங்கிவிடும்.

தமிழாசிரியர்

நல்ல பேச்சை எடுத்தீர்கள் டீச்சர். எங்கள் பாடத்தில் கட்டுரைக்கு மொத்தமாக ஒரு மார்க் போடுவது வழக்கம். பத்துக்கு ஆறு என்றால் அந்த நாலு எங்கே போனது என்று மாணவனுக்கும் தெரியாது, அடுத்த வாரம் நமக்கும் நினைவிருக்காது.

ஒரு பருவம் முழுக்க ஒற்றுப்பிழைகளை மட்டும் வகை பிரித்துக் குறித்துவந்தேன். ஒரு தாளில் நாலு கட்டம், பிழைக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். சுட்டுக்குப் பின், இரண்டாம் வேற்றுமைக்குப் பின், நான்காம் வேற்றுமைக்குப் பின், பெயரெச்சத்துக்குப் பின். 'புத்தகத்தைப் படித்தான்', 'வீட்டுக்குப் போனாள்' எல்லாம் பெரும்பாலும் சரியாக இருந்தன. 'அந்தப் பையன்' என்பதும் நன்றாகவே வந்தது. பிழைகள் குவிந்திருந்தது கடைசிக் கட்டத்தில். 'வந்தப் பையன்', 'படித்தப் புத்தகம்' என்று தேவையில்லாத இடத்தில் ஒற்று. அதுவும் நன்றாக எழுதும் பிள்ளைகளிடம்தான் அதிகம்!

ஒற்று விடுகிறார்கள் என்றுதான் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் வருத்தப்படுவோம். இவர்களோ 'அந்த'வுக்குக் கற்ற விதியை 'வந்த'வுக்கும் நீட்டியிருக்கிறார்கள். படித்ததை அக்கறையோடு பயன்படுத்திய பிள்ளைகள். இவர்களிடம் வல்லினம் மிகும் இடங்களை முதலிலிருந்து நடத்தினால் இன்னும் நாலு இடத்தில் கூடுதலாக ஒற்றுப் போடுவார்கள். அதனால் அந்தப் பட்டியலைத் தொடவே இல்லை. அந்த, வந்த, இந்த, தந்த என்று சொற்களைக் கலந்து கொடுத்து, எது சுட்டு, எது வினையிலிருந்து பிறந்தது என்று பிரிக்கச் சொன்னேன். ஒரு பாடவேளைகூட முழுதாக ஆகவில்லை. அடுத்த கட்டுரையிலேயே அந்தக் கட்டத்தில் கோடுகள் குறைந்திருந்தன.

இயற்பியல் ஆசிரியர், மேல்நிலை வகுப்புகள்

தேர்வு கொள்குறி வகையில், அதாவது கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகையில், இருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம் சார்: தவறான விடைகள் ஒரே இடத்தில் குவிகின்றனவா, சிதறுகின்றனவா என்று.

செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? இந்தக் கேள்விக்குத் தவறாக எழுதியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் 'சுழி' என்ற விடையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். திசைவேகம் சுழி, ஆகவே முடுக்கமும் சுழி என்று உறுதியாக நம்புகிறார்கள். அதே தாளில் ஒளிவிலகல் பற்றிய ஒரு கேள்விக்குத் தவறான விடைகள் மூன்று தெரிவுகளிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருந்தன. அது ஊகம், பாடம் மனதில் ஏறவே இல்லை. மார்க் சதவீதம் இரண்டுக்கும் ஒன்றுதான், மருந்து ஒன்றல்ல. ஒளிவிலகலை முதலிலிருந்து நடத்தினேன். முடுக்கத்தை மறுபடி நடத்தவில்லை. "உச்சியில் முடுக்கம் சுழி என்றால் பந்து ஏன் கீழே வரவேண்டும்? திசைவேகம் சுழி, அதை மாற்ற எதுவும் இல்லை. அங்கேயே நிற்கவேண்டுமே?" என்று கேட்டுவிட்டு அவர்களை வாதாட விட்டேன்.

இன்னொரு சோதனையும் செய்துபாருங்கள். மொத்த மார்க்கில் மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் ஒவ்வொரு கேள்வியையும் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஒப்பிடுவது. மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம் என்று எடுக்கும் வழக்கம் 1939-இல் உளவியலாளர் ட்ரூமன் கெல்லி எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. ஒரு வகுப்பு அளவுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் போதும். நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாக எழுதியிருந்தால் கேள்வியின் மேல்தான் முதலில் சந்தேகப்படவேண்டும். வாசகம் இருபொருள் படும், இல்லாவிட்டால் விடைக்குறிப்பே தப்பாக இருக்கும். அப்படிப்பட்ட கேள்வியை வைத்துப் பாடத்தை மாற்றுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

தொடக்க வகுப்பு ஆசிரியை

சின்னப் பிள்ளைகளிடம் தாள் எல்லாவற்றையும் சொல்லாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும்.

"மாலாவிடம் 15 மணிகள் உள்ளன. இது கலாவிடம் இருப்பதைவிட 6 அதிகம். கலாவிடம் எத்தனை?" என் வகுப்பில் பலர் 21 என்று எழுதினார்கள். கழித்தல் தெரியாது என்று முடிவுகட்டிவிடலாம். நான் கல்வி ஆய்வாளர் ஆன் நியூமன் 1977-இல் சொன்ன வரிசையில் ஒவ்வொருவராகக் கேட்டேன். கேள்வியைப் படி. என்ன கேட்கிறார்கள் என்று சொல். எப்படிச் செய்யப்போகிறாய்? செய்துகாட்டு. விடையை எழுது. எந்தப் படியில் தடுக்கி விழுகிறார்களோ அங்கேதான் வேலை.

ஒரு பையன் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் முதல் வரியை மறந்துவிட்டான். நானே படித்துக்காட்டியதும் 9 என்று சட்டென்று சொன்னான். அவனுக்குக் கணக்கில் குறையே இல்லை. அவனுக்கு வேண்டியது வாசிப்புப் பயிற்சி. இன்னொருத்தி கடகடவென்று படித்தாள், 'அதிகம்' என்ற சொல் வந்ததும் விரல் கூட்டல் குறிக்குப் போய்விட்டது. அவளுக்குப் பதினைந்து மணிகளைக் கையில் கொடுத்து, "மாலா நீதான். உன்னிடம் அதிகமா, கலாவிடம் அதிகமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவளே 21-ஐ அடித்தாள். மூன்றாவது வகைப் பிள்ளைகளுக்குத்தான் கழித்தலே தகராறு. குறைதீர் கற்பித்தல் என்று மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கழித்தல் நடத்தினால் முதல் இருவருக்கும் அந்த நேரம் வீண்.

அறிவியல் ஆசிரியை, பணிக்குப் புதியவர்

எல்லோரும் சொல்வதைப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் பெரிய வகுப்பு, நிறைய பிரிவுகள். ஒவ்வொரு விடையையும் எக்ஸெல்லில் ஏற்ற எனக்கு நேரமே இல்லை. என்ன செய்வது?

கணித ஆசிரியை, நடுநிலை வகுப்புகள்

ஏற்றவே வேண்டாம்மா. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி, துண்டுத் தாளில் விடை. அதை மார்க் போடாமல் குவியலாகப் பிரியுங்கள்: சரி, இந்த வகைத் தப்பு, அந்த வகைத் தப்பு. எந்தக் குவியல் உயரமோ அதுதான் நாளைய முதல் பத்து நிமிடம். கேள்வியை யோசித்துத் தேர்ந்தெடுப்பதில் நேரம் செலவழியுங்கள், தரவு ஏற்றுவதில் வேண்டாம். தவறான எண்ணம் உள்ளவரும் சரியான விடை எழுதிவிடக்கூடிய கேள்வி எதற்கும் உதவாது.

ஒரே கேள்வியை வைத்துப் பிள்ளையைப் பற்றி முடிவுகட்டாதீர்கள், அதுவும் முக்கியம். ஒரு தவறு கவனக்குறைவாக இருக்கலாம். அதே தவறு வேறு எண்களோடு மறுபடி வந்தால் நம்பலாம். பிரித்த குழுக்களையும் அடுத்த துண்டுத் தாள் வந்ததும் கலைத்துவிடுங்கள். 'மெல்லக் கற்பவர்' என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ஆண்டு முழுக்கப் போகாது.

தலைமையாசிரியர்

என் கவலை வேறு. வளரறி மதிப்பீடு என்று தொடங்கி, கடைசியில் அதையும் பதிவேட்டில் இன்னொரு மார்க் பத்தியாக ஆக்கிவிடுகிறோம். கிடைத்த சான்றைக் கொண்டு கற்பித்தலை மாற்றினால்தான் அது வளரறி மதிப்பீடு என்று கல்வி ஆய்வாளர்கள் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் 1998-லேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். உளவியலாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், விடையைப் பற்றிய குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மார்க் மட்டும் பெற்றவர்களும், மார்க்கோடு குறிப்பும் பெற்றவர்களும் முன்னேறவில்லை. மார்க்கைப் பார்த்ததும் குறிப்பில் கண் போவதில்லை.

அதனால் எங்கள் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். சிறு தேர்வுத் தாளை மார்க் இல்லாமல் திருப்பிக் கொடுங்கள். எந்த வரியில் பிசகு என்று ஓரத்தில் ஒரு கோடு, யோசிக்க ஒரு கேள்வி, அவ்வளவுதான். திருத்தி எழுதிய தாள் கைக்கு வந்த பிறகு மார்க் போடலாம். பெற்றோர் சிலர் மார்க் எங்கே என்று கேட்டு வந்தார்கள். திருத்தம் செய்த தாளையும் பழைய தாளையும் அருகருகே வைத்துக் காட்டினேன். பிள்ளை எங்கே இருந்தான், இப்போது எங்கே இருக்கிறான் என்று அவர்களே பார்த்தார்கள். இப்போது ஸ்டாஃப் மீட்டிங்கிலும் சராசரி பேசுவதை நிறுத்திவிட்டோம். ஆளுக்கு ஒரு தவறான விடையைக் கொண்டுவரவேண்டும், அதை வைத்து அடுத்த வாரம் எதை மாற்றப்போகிறார் என்று சொல்லவேண்டும்.