ஈவோ 9-க்கு 3076 டர்போ பெரிதாகிவிட்டதா? 4700 சுற்று வரை பூஸ்ட் எழவில்லை

உட்லண்ட்ஸ்_நைன்:
அனைவருக்கும் வணக்கம். என்னுடையது மிட்சுபிஷி ஈவோ 9, ஐந்து கியர். 4ஜி63 எஞ்சின், 1997 சிசி, உள்ளே எதையும் தொடவில்லை. காரை வைத்திருக்கும் உரிமமான சிஓஇயைப் பத்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், அதனால் இந்தக் காரை விடுவதாக இல்லை.

பழைய டர்போ எண்ணெய் குடிக்கத் தொடங்கியதும் காரெட் 3076 போட்டேன். டர்பைன் கூடு 0.82 ஏ/ஆர் (எண் பெரிதானால் புகை போகும் வழியும் பெரிது), ஒற்றை ஸ்க்ரோல் மேனிஃபோல்ட் (நான்கு சிலிண்டரின் புகையும் ஒரே வழியாக டர்போவுக்குப் போகும்). 400 குதிரைத்திறன் போதும் என்பதுதான் கணக்கு. ஆனால் பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தம், 1.5 பார் முழுதாக வருவதற்குள் முள் 4700-ஐத் தாண்டிவிடுகிறது. பிஐஇ விரைவுச்சாலையில் 90-இல் போகும்போது எஞ்சின் சுமார் மூவாயிரத்தில்தான் சுற்றும், அங்கே மிதித்தால் ஒன்றுமே நடப்பதில்லை. மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்திலும் அப்படித்தான். கடைசி வளைவை விட்டு வெளியே வரும்போது பக்கத்தில் வந்த பழைய கோல்ஃப் என்னை விட்டுப் போய்விட்டது. பூஸ்டை 1.8-க்கு ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார் பொருத்தியவர். சரியாகுமா?

காக்கிபுக்கிட்_ஸ்பேனர்:
தம்பி, பூஸ்டை ஏற்றாதீர்கள். அது உச்சியில் கிடைப்பதைக் கூட்டுமே தவிர, சீக்கிரம் எழ வைக்காது. அளவைக் குறை சொல்வதற்கு முன்னால் கசிவைப் பாருங்கள். டர்பைனுக்கு முன்னால் புகை கசிந்தால் டர்பைன் சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய விசை அங்கேயே வீணாகிவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி பானட்டைத் திறந்து காது கொடுங்கள். டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அடங்கிவிட்டால் மேனிஃபோல்ட் கேஸ்கெட்தான். காற்று உள்ளே போகும் பக்கம், டர்போவின் வாயை அடைத்து ஒரு பார் காற்றை ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள்.

அப்புறம், ஈவோ 9-இல் மைவெக், அதாவது இன்டேக் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு, இருக்கிறது. டர்போ மாறியபோது எஞ்சின் கணினியில் இன்டேக் கேம் வரைபடத்தையும் மாற்றினார்களா? நடுச்சுற்றில் கேமைச் சரியாக முன்தள்ளினால் டர்போ சீக்கிரமே எழும். பலர் எரிபொருளையும் இக்னிஷனையும் மட்டும் சரிசெய்துவிட்டு இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஏஆர்_கணக்கு:
அண்ணன் சொன்னதைச் செய்துகொண்டிருங்கள். நான் கணக்கைப் போடுகிறேன், டர்போ வாங்கும் எல்லோரும் முதலில் போட வேண்டிய கணக்கு இது.

எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவை இழுக்கும். 7000-இல் அது நிமிடத்துக்கு 7000 லிட்டர். 95 சதவீதம் நிரம்புவதாக வைத்தால் 6650. 1.5 பார் பூஸ்டில், இன்டர்கூலரைத் தாண்டிய காற்று 50 டிகிரியில் இருந்தால், ஒரு கன மீட்டர் சுமார் 2.7 கிலோ. பெருக்கினால் நிமிடத்துக்கு 18 கிலோ, பவுண்டில் 40. ஒரு பவுண்டுக்குப் பத்து குதிரைத்திறன் என்பது பழைய கைக்கணக்கு. ஆக, உங்கள் 400 வந்துவிட்டது. நம் ஊர் 32 டிகிரியில் இன்டர்கூலர் பெரிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

சரி, அதே எஞ்சின் 3500-இல்? பாதி, 20 பவுண்டு. கம்ப்ரசரின் அழுத்த விகிதமோ (வெளியே தருவதை உள்ளே வருவதால் வகுத்தது) 2.6-க்கு மேல். உங்கள் டர்போவின் 76 மில்லிமீட்டர் கம்ப்ரசர் சக்கரத்தின் வரைபடத்தில் இந்தப் புள்ளியைக் குறித்தால் இடது ஓரத்தில், காற்றோட்டம் போதாமல் கம்ப்ரசர் திணறும் சர்ஜ் கோட்டுப் பக்கம் போய் விழும். 40 பவுண்டை 71 மில்லிமீட்டர் சக்கரமே தாராளமாகத் தரும். நீங்கள் எட்டப்போகாத 500 குதிரைத்திறனுக்கு இடம் விட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

இன்னொன்றுதான் எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஈவோவின் சொந்த டர்போ ட்வின் ஸ்க்ரோல், புகைக்கு இரண்டு தனி வழி. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் 1, 4 ஒரு வழியாகவும் 2, 3 இன்னொரு வழியாகவும் வந்து, ஒன்றின் புகைத்துடிப்பு அடுத்ததைத் தடுக்காமல் சக்கரத்தை அடிக்கும். ஒற்றை மேனிஃபோல்டில் நான்கையும் ஒரே குழாயில் கலந்துவிட்டார்கள்.

தெம்பனிஸ்_ரோட்டரி:
பத்து வயதைத் தாண்டிய கார், வருடா வருடம் சோதனைக்குப் போகிறது. அடுத்த மாற்றத்துக்கு முன் அனுமதி பற்றி போக்குவரத்து ஆணையமான எல்டிஏவிடம் கேட்டுவிடுங்கள்.

உட்லண்ட்ஸ்_நைன்:
அண்ணே, டிக் டிக் கேட்டது! வெப்பத்தகட்டைக் கழற்றினால், மூன்றாம் சிலிண்டர் ஸ்டட்டுக்குக் கீழே விரல் அகலத்துக்குக் கரி. நட்டைக் கையாலேயே திருக முடிந்தது. இன்டர்கூலர் மேல்குழாய் கிளாம்பிலும் சோப்பு நுரைத்தது. கேஸ்கெட், நட்டு, கிளாம்ப் எல்லாம் மாற்றினேன். மைவெக் வரைபடம் பழையதேதான், அதையும் சரிசெய்தோம். இப்போது 4200-இல் 1.5 பார் வருகிறது. ஆனாலும் 3500-இல் மிதித்தால் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஏஆர்_கணக்கு:
500 சுற்று கசிவிலும் கேமிலும் இருந்தது, மிச்சம்தான் டர்போவின் அளவு. செலவு குறைவாக வேண்டுமென்றால் 0.63 கூடு மட்டும் மாற்றுங்கள். சீக்கிரம் எழும், 7000 பக்கத்தில் புகை வெளியேறக் கொஞ்சம் திணறும், உங்கள் 400-க்கு அது பெரிய இழப்பில்லை. காசு இருந்தால் 71 சக்கரமும் ட்வின் ஸ்க்ரோல் மேனிஃபோல்டும். நானாக இருந்தால் காத்திருந்தாவது இரண்டாவதைத்தான் செய்வேன்.

உட்லண்ட்ஸ்_நைன்:
பத்து வருடம் ஓட்டப்போகிற கார், அதனால் இரண்டாவதே. எல்டிஏவுக்கும் எழுதிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: இங்கே 98 ஆக்டேன் பெட்ரோலில் ட்யூன் செய்து, மலேசியாவில் 97 நிரப்பி செப்பாங்கில் ஓட்டலாமா?

காக்கிபுக்கிட்_ஸ்பேனர்:
அதே வரைபடத்தில் வேண்டாம் தம்பி. ட்யூன் செய்யும் அன்றே, 97-க்கு இக்னிஷனைப் பின்தள்ளி 1.3 பாரில் இன்னொரு வரைபடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துவாஸ் எல்லையைத் தாண்டும்போது முக்கால் டேங்க் 98 எப்படியும் இருக்கும், ஆனால் டிராக்கில் நாலைந்து சுற்றிலேயே பெட்ரோல் முள் இறங்கிவிடும்.