பயோ-மேக்ஸ் பிளஸ் டூ: பள்ளிப் பாடம், நீட், இன்ஜினியரிங் கட்-ஆஃப். எதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது?

மேலூர்_அண்ணன்:
வணக்கம். என் தங்கச்சி மேலூர் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். பயோ-மேக்ஸ் குரூப், தமிழ் மீடியம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். காலாண்டில் கணக்கு 71, இயற்பியல் 68, வேதியியல் 74, உயிரியல் 85. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஆறு வரை பள்ளி, அதற்கு மேல் கணக்கு டியூஷன், ஞாயிற்றுக்கிழமை நீட் வகுப்பு. ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்திருக்கிறாள். வகுப்பிலேயே கண் சொருகுது என்று டீச்சர் சொல்கிறார்.

மெடிக்கல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மதுரைக்குள் இன்ஜினியரிங், முடிந்தால் தியாகராஜர். எதைக் குறைக்கலாம், எதைக் கூட்டலாம்? இன்னொன்று: நான் பி.காம். முடித்தவன். அவளுக்கு முதல் பட்டதாரிச் சலுகை வாங்க முடியுமா?

கணக்கு_டீச்சர்_திருமங்கலம்:
தம்பி, முதலில் தூக்கம். ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு எத்தனை கணக்குப் போட்டாலும் மறுநாள் நிற்காது. பத்தரைக்குப் படுக்கட்டும், ஐந்துக்கு எழட்டும். அதற்குத் தேவையான நேரத்தை டியூஷனில் எடுங்கள். பள்ளியில் நடத்திய பாடத்தையே அங்கே மறுபடி கரும்பலகையில் பார்த்துக் காப்பி எடுக்கிறாள் என்றால் அந்த டியூஷன் வாரத்தில் இரண்டு நாள் போதும்.

இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200க்கு. கணக்கு முழு 100, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. இன்றைய மார்க்கில் 71 + 34 + 37 = 142. கணக்கில் ஏறும் ஒவ்வொரு மார்க்கும் ஒரு முழு மார்க், மற்ற இரண்டிலும் அரை மார்க்தான். கணக்கு 88, இயற்பியல் 80, வேதியியல் 86 என்று வந்தால் 171. அந்த 29இல் 17 கணக்கிலிருந்தே வருகிறது. ஆகவே தினமும் ஒன்றேகால் மணி நேரம் கணக்கு, அதுவும் வெள்ளைத் தாளில், நோட்ஸை மூடி வைத்துவிட்டு.

வினாத்தாள் 90 மார்க்: ஒரு மார்க் 20, இரண்டு மார்க் பத்தில் ஏழு, மூன்று மார்க் பத்தில் ஏழு, ஐந்து மார்க் ஏழு (ஒவ்வொன்றிலும் அல்லது உண்டு). 30, 40 எண் கேள்விகள் கட்டாயம். இவை பெரும்பாலும் பயிற்சிக் கணக்கை அப்படியே கேட்காமல் கொஞ்சம் திருப்பிக் கேட்கும். மனப்பாடப் பிள்ளைகள் கைவிடும் இடம் அதுதான். நேரம்: ஐந்து மார்க்குக்குத் தலா 11 நிமிடம், மூன்று மார்க்குக்கு 6, இரண்டு மார்க்குக்கு 3, ஒன் வேர்டு மொத்தம் 20. கூட்டினால் 160 நிமிடம். மிச்சம் 20 சரிபார்க்க. வீட்டில் எழுதிப் பார்க்கும்போதும் இதே கணக்கில் கடிகாரத்தை வைத்து எழுதச் சொல்லுங்கள்.

மார்க் போவது பெரும்பாலும் தெரியாத கணக்கில் இல்லை. ஒன் வேர்டில் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். (ஆ) என்று போட்டு (இ)யின் விடையை எழுதினால் பூஜ்யம். அணிகளில் நிரை உருமாற்றத்தை R2 → R2 − 2R1 என்று பக்கத்தில் குறிக்காமல் அடுத்த அணிக்குத் தாவுவது, பரவளையப் பாலக் கணக்கில் படமும் அச்சும் போடாமல் சமன்பாட்டில் இறங்குவது, இவையெல்லாம் ஒவ்வொரு மார்க்காக அரித்துவிடும்.

பாடத்தில் ஒரு யோசனை. 12ஆவது அத்தியாயம், தனிநிலைக் கணிதம், புத்தகத்தின் கடைசியில் இருப்பதால் டிசம்பர் வாக்கில் அவசரமாக நடத்தப்படும். அதைப் படிக்க முந்தைய அத்தியாயம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மெய்மை அட்டவணை, ஈருறுப்புச் செயலி அட்டவணை இரண்டும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். இப்போதே முடிக்கட்டும். அடுத்து அணிகள், கலப்பு எண்கள், வெக்டர். தொகை நுண்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடும் பிளஸ் ஒன் தொகையிடல் சூத்திரம் இல்லாமல் நகராது. அங்கே தடுக்கினால் பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியை எடுத்துப் பத்து நாள் ஒதுக்குங்கள்.

நீட் வகுப்பை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் இரண்டு விதமாகப் படிக்க இந்தப் பிள்ளைக்கு நேரம் இல்லை.

உசிலை_உயிரியல்:
டீச்சர் சொன்ன கணக்குப் பகுதி முழுக்க சரி. நீட்டில் மட்டும் மாறுபடுகிறேன். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்பதால் மெடிக்கலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு (2020 முதல்). அந்தப் பட்டியலில் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான். காலாண்டில் உயிரியலில் 85 எடுத்த பிள்ளையை இப்போதே அந்தக் கதவிலிருந்து திருப்ப வேண்டாம்.

ஆனால் முறை மாற வேண்டும். நீட் 180 கேள்வி, 720 மார்க். அதில் 90 கேள்வி, 360 மார்க் உயிரியல். சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும். அரையாண்டு வரைக்கும் நீட் என்றால் உயிரியல் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: தினம் 40 நிமிடம், ஒரு பாடம், முப்பது கேள்வி. இயற்பியலும் வேதியியலும் பள்ளிப் பாடத்தோடு போகட்டும். ஞாயிற்றுக்கிழமை முழுநாள் வகுப்பை அரைநாளாக்குங்கள், மிச்ச அரைநாள் ஓய்வு.

பலரும் சறுக்குவது பிளஸ் ஒன் பாடத்தில். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றதும் அந்தப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். நீட் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கும். மனித உடற்செயலியல் முழுக்க பிளஸ் ஒன்தான். அவளுக்குச் சுலபமாக மார்க் தரும் பகுதியும் அதுவே.

ஜனவரி கடைசியில் முழு நீட் மாதிரித் தேர்வு ஒன்று, மூன்று மணி நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். உயிரியலில் 360க்கு 220 தாண்டினால் தொடரலாம். பப்ளிக் மார்ச் கடைசியில் முடிந்தால், மே முதல் ஞாயிறு வரை ஐந்து வாரம் கிடைக்கும், அது முழுக்க நீட்டுக்கு. தாண்டவில்லை என்றால் விண்ணப்பத்தை மட்டும் போட்டுவைத்து, பப்ளிக்கில் முழுக் கவனம். 220 என்பது நான் வைக்கும் கோடு, விதி இல்லை.

விண்ணப்பத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் கேள்வித்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே முடிவானது. அதனால் உயிரியல் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதிவரட்டும்.

மேலூர்_அண்ணன்:
ரொம்ப நன்றி மேடம், நன்றி சார். இயற்பியல் 68ஐ ஏற்ற என்ன செய்வது? கவுன்சிலிங், சான்றிதழ் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். கல்லூரி விருப்பப் பட்டியல் போடுவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஒத்தக்கடை_ரவுண்டு3:
தம்பி, முதல் பட்டதாரி கிடைக்காது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கூடப்பிறந்தவர்கள் யாருமே பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. நீங்கள் பி.காம். முடித்ததோடு அது போயிற்று. கவலை வேண்டாம். இன்ஜினியரிங்கிலும் 2021 முதல் 7.5 ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் எடுத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு ஏற்கும். பொதுப் பட்டியலில் இடம் எடுத்தால் அந்தச் சலுகை வராது. ஆகவே கல்லூரி இடம் தரும் ஆணை (அலாட்மென்ட்) வந்ததும் எந்தப் பட்டியலில் வந்த இடம் என்று பார்த்த பிறகே உறுதி செய்யுங்கள். இது தவிர புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அவள் பெயரில், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இப்போதே தயாராக இருக்கட்டும்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, 6 முதல் 12 வரை படித்ததற்கான பள்ளிச் சான்று மூன்றையும் நவம்பர், டிசம்பரில் முடியுங்கள். மே மாதம் ரிசல்ட் வந்ததும் இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மனு நகர்வதற்குள் பதிவு தேதி நெருங்கிவிடும். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்று மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பதிவேற்றியது மங்கலாக இருந்தாலும் சரிபார்ப்பில் திருப்பிவிடுவார்கள்.

இப்போது விருப்பப் பட்டியல். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு இல்லை. கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போய், அவள் ரேங்க்குக்குக் கிடைக்கும் முதல் இடத்தைத் தரும். கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை மேலே போட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆசை வரிசைப்படி போடுங்கள், போன வருட கட்-ஆஃப் வரிசைப்படி போடாதீர்கள். பத்துப் பதினைந்து மட்டும் போட்டுவிட்டு அந்தக் கவுன்சிலிங் சுற்றில் ஒன்றும் வராமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம்.

போன வருடத்தோடு ஒப்பிடும்போது கட்-ஆஃபைப் பார்க்காமல் ரேங்கைப் பாருங்கள். கேள்வித்தாள் எளிதாக இருந்த வருடம் எல்லாருக்கும் மார்க் ஏறும், 171க்கு ரேங்க் பின்னால் போகும். அவள் சமூகப் பிரிவில் எந்த ரேங்க்கோடு அந்தப் பாடப்பிரிவு நின்றது, 7.5 பட்டியலில் எதோடு நின்றது, இந்த இரண்டும்தான் வழிகாட்டி. 171 வந்தால் தியாகராஜர் கிடைக்குமா என்று இப்போது யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. திருப்பரங்குன்றத்தில் அது, கீழக்குயில்குடியில் அண்ணா பல்கலையின் மதுரை மண்டல வளாகம், அதன் பிறகு தனியார் கல்லூரிகள் என்று அடுக்குங்கள். ஒரே கல்லூரிக்குள் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் வேறு வேறு குறியீட்டில் வரும், கட்டணமும் வேறு.

இடம் வந்ததும் ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்றெல்லாம் கேட்கும். காத்திருந்து மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பி வராது. அதனால் மனசில்லாத கல்லூரியைப் பட்டியலில் மேலே விட்டுவைக்காதீர்கள்.

வேளாண் படிப்புக்கு விண்ணப்பம் தனி. ஒத்தக்கடை வேளாண் கல்லூரி உங்கள் மேலூர் பஸ் வழியிலேயே இருக்கிறது. பயோ-மேக்ஸ் பிள்ளைக்கு அது நல்ல வாய்ப்பு, பலர் மறந்துவிடுகிறார்கள். அரசுக் கலைக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள்.

கணக்கு_டீச்சர்_திருமங்கலம்:
உசிலை சார் சொன்ன ஜனவரிக் கோடு நியாயம்தான். நீட்டை உயிரியலோடு நிறுத்தினால் எனக்கும் சம்மதம்.

இயற்பியல் பற்றிக் கேட்டீர்களே. எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த முப்பது பெரும்பாலும் வந்துவிடும், ஆட்டம் எழுபதில்தான். 24, 33 எண் கட்டாயக் கேள்விகள். அங்கே அநேகமாகக் கணக்கு வரும், அலகு எழுதாமல் அரை மார்க் போகும். ஐந்து மார்க் ஐந்தில் நாலுக்காவது வருவித்தல் தேவைப்படும். நாளைக்கு ஒன்று, படத்தோடு, பார்க்காமல் எழுதி, அடுத்த நாள் காலையில் புத்தகத்தோடு வைத்து அவளே சிவப்பு மையில் திருத்தட்டும். ஒரே வருவித்தலில் இரண்டு தடவை ஒரே வரியில் நின்றால் அந்த வரியைப் பள்ளியில் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். அதை மனப்பாடத்தால் தாண்ட முடியாது.