காகிதக் கப்பலின் நிழல்: இந்த ஓவியம் யாரை ஏமாற்றுகிறது?

உப்பளத்தான்:
புதுச்சேரியில் போன வாரம் ஓர் ஓவியக் காட்சிக்குப் போனேன். கூட்டம் முழுவதும் ஒரே படத்தின் முன்தான். செய்தித்தாளில் செய்த கப்பலைச் சிறுமி ஒருத்தி தண்ணீரில் விடுகிறாள். தண்ணீரில் விழும் நிழலோ பீரங்கி வைத்த போர்க்கப்பல். பின்னால், தலைக்குப் பதில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்த ஒருவன் சோற்றுருண்டையை நீட்டுகிறான். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊடகம் ஏய்க்கிறது என்று சொல்ல வந்தவர், குழந்தையைக் காட்டி வாயடைக்கும் அதே பழைய வித்தையைச் செய்யலாமா?

மஞ்சக்குப்பத்தார்:
பிக்காசோவின் குவெர்னிக்கா ஓவியத்திலும் இறந்த பிள்ளையை ஏந்திய தாய் இருக்கிறாள். அதுவும் வித்தையா? 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மானிய விமானங்கள் ஸ்பெயினிலுள்ள குவெர்னிக்கா என்ற அந்த ஊரை எரித்தன. பின்வாங்கியவர்களே கொளுத்திவிட்டார்கள் என்று உள்நாட்டுப் போரில் ஜெர்மனியின் துணையோடு போரிட்ட தளபதி ஃபிராங்கோவின் தரப்பு கதை கட்டியது. படத்திலுள்ள குதிரையின் உடம்பைப் பாருங்கள். செய்தித்தாள் வரிகளைப் போன்ற கோடுகள்.

உப்பளத்தான்:
குவெர்னிக்கா நடந்தது ஐயா. நடக்காததற்கும் குழந்தையைச் சாட்சிக்கு இழுப்பார்கள். 1990 அக்டோபரில் 15 வயதுப் பெண் ஒருத்தி வாஷிங்டனில் அழுதுகொண்டே சொன்னாள்: குவைத் மருத்துவமனையில் இராக் வீரர்கள் இன்குபேட்டரிலிருந்த சிசுக்களைத் தரையில் போட்டுவிட்டார்கள் என்று. அவள் குவைத் தூதரின் மகள் என்பது 1992இல்தான் வெளியே வந்தது. சொன்னதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குவைத்துக்காக அமெரிக்கா இராக்கோடு நடத்திய போர் அதற்குள் முடிந்தே போயிருந்தது.

கடற்கரைச் சாலை ஆசிரியை:
நிழலைப் பார்த்ததும் எனக்கு எம்டன் நினைவு வந்தது. 1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்டுவிட்டு நம் கடலோரமாகத் தெற்கே போன ஜெர்மானியப் போர்க்கப்பல். கப்பல் போய்விட்டது, ‘அவன் சரியான எம்டன்’ என்ற பேச்சு மட்டும் வீட்டுக்கு வீடு தங்கிவிட்டது. அந்த நிழல் ஒன்றே போதும். பெட்டித் தலையன் எதற்கு? கேலிச்சித்திரத்திலிருந்து வழிதவறி வந்தவன் மாதிரி நிற்கிறான்.

மஞ்சக்குப்பத்தார்:
அவனை விட்டுவிடலாம் அம்மா, எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் உப்பளத்தாரே, சிறுமியின் முகம் நம் பக்கம் திரும்பவே இல்லையே! அழவைக்க நினைப்பவர் முதலில் முகத்தைத்தான் வரைவார். இன்னொன்று: கப்பலின் மடிப்பில் சோற்றுப் பருக்கைகள். அவன் கொடுத்ததை அவள் தின்னவில்லை, பசையாகத் தேய்த்திருக்கிறாள்.

உப்பளத்தான்:
பருக்கையை நான் கவனிக்கவில்லை. சரி, தின்னவில்லை. ஆனால் அந்தச் சோற்றால் ஒட்டியதுதானே போர்க்கப்பலாக நிழல் விழுகிறது?