30 மீட்டர் 3.6 செகண்டுன்னு எழுதி அனுப்புறாங்க, இத நம்பி டீம் எடுக்கலாமா?

செக்காலை கோச்:
வணக்கம். காரைக்குடில காலைல ரெண்டு மணி நேரம் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் குடுக்குறேன், அப்புறம் கடைக்குப் போயிருவேன். 15 வயசுக்கு உட்பட்ட டீம் எடுக்கணும், எடம் 16 பேருக்குதான், சுத்துப்பட்டு ஊர்கள்லேருந்து 40 பேருக்கு மேல பேர் குடுத்திருக்காங்க. எனக்கு கிரவுண்டு கெடைக்கிறது ஒரே ஒரு ஞாயித்துக்கெழம, அதனால 30 மீட்டர் ஓட்டம், நின்ன எடத்துலேருந்து மேல குதிக்கிறது, பீப் சத்தத்துக்கு ஏத்த மாதிரி 20 மீட்டரை போயி வந்து ஓடுற பீப் டெஸ்ட் மூணையும் அவங்கவங்க ஊர்லயே எடுத்து வாட்ஸப்புல அனுப்பச் சொன்னேன். இப்ப அந்த நம்பரைப் பாத்துதான் ரெண்டு நாளா தலைய பிச்சுக்கிறேன். ஒரு கோச்சிங் சென்டர்லேருந்து அழகா பிரிண்ட் எடுத்து ஒரு பையனுக்கு 30 மீட்டர் 3.6ன்னு வந்திருக்கு. புதுவயல் பக்கத்துலேருந்து இன்னொரு பையன், அவன் அண்ணன் கோடு போட்ட நோட்டுல பேனால எழுதி போட்டோ புடிச்சு அனுப்பிருக்கான், 4.9, 5.0, 4.9, கீழ "கண்மாய் தரை, செருப்பு இல்லாம ஓடுனது"ன்னு ஒரு வரி. இந்த ரெண்டாவது பையனை ஒரு டோர்னமென்ட்ல பாத்திருக்கேன், ரைட் சைடுல பந்தோட போனா புடிக்க முடியாது. பேப்பரை நம்பி அவனை கழிச்சு விட்டா மனசு கேக்காது. எதை வச்சு முடிவு பண்றது?

தேவகோட்டை பி.டி. வாத்தியார்:
தம்பி, மொதல்ல அந்த 3.6ஐ எடுத்துக்க. 2009ல பெர்லின்ல உசைன் போல்ட் 9.58ல 100 மீட்டர் ஓடி ரெக்கார்டு வச்சாருல்ல, அதுல அவரு 30 மீட்டரைத் தாண்டுனது 3.78 செகண்டுல. துப்பாக்கி சத்தத்துக்கு அவரு அசையறதுக்கு எடுத்த நேரத்தைக் கழிச்சாலும் 3.6க்கு மேலதான் நிக்கும். அதுவும் ஸ்பைக்ஸ், ஸ்டார்டிங் பிளாக், சிந்தெடிக் டிராக். பதினாலு வயசுப் பையன் மண் தரைல அதை ஓட வழியே இல்ல. ஆனா அதுக்காக பையன் பொய் சொல்றான்னு முடிவு கட்டிறாத, அளந்தவங்க எப்படி அளந்தாங்கன்னு கேளு. நம்ம பக்கம் ஒரு எட்டு ஒரு மீட்டர்னு முப்பது எட்டு வச்சு கோடு போட்டுர்றாங்க, கொத்தனார் டேப் வச்சுப் பாத்தா 27 மீட்டர் கூட வராது. கண்மாய்க்குள்ள ஓடுனா மடை பக்கமா சரிவு இருக்கும், எறக்கத்துல ஓடுனா ஒரு டைம், ஏத்தத்துல ஓடுனா ஒரு டைம். ஆடிக் காத்துல முதுகுக்கு காத்து வாங்கி ஓடுனா இன்னொன்னு, பெரிய போட்டிகள்லயே பின்காத்து செகண்டுக்கு 2 மீட்டருக்கு மேல போனா ரெக்கார்டுக்கு எடுக்க மாட்டாங்க.

அப்புறம் அந்த நோட்டுப் பேப்பர் இருக்கே, எனக்கு அதுதான் புடிச்சிருக்கு. மூணு ஓட்டத்தையும் எழுதிருக்கான், தரையை எழுதிருக்கான், செருப்பு இல்லன்னும் எழுதிருக்கான். நல்லா வந்த ஒண்ணை மட்டும் பொறுக்கி அனுப்பல. முப்பது வருஷமா பசங்களை ஓட விட்டுப் பாத்தவன் சொல்றேன், அந்த வீட்டுல அளக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் இருக்கு.

கோட்டையூர் டு டெக்சாஸ்:
அண்ணே, நான் இங்க வந்து பத்து வருஷம் ஆச்சு, இங்க ஃபுட்பால்னா கைல புடிச்சு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால், ஆனா உங்க கேள்வி இங்க வருஷா வருஷம் ஓடுற கேள்விதான். இண்டியானாபொலிஸ்ல கம்பைன்னு ஒண்ணு நடக்கும், புரோ டீமுங்க ஆள் எடுக்குறதுக்கு முன்னாடி காலேஜ் முடிக்கிற பசங்களை கூட்டி வச்சு 40 கெஜ ஓட்டம், அதாவது 36.58 மீட்டர், அப்புறம் குதிக்கிறது, வளைஞ்சு ஓடுறது எல்லாம் அளப்பாங்க. அங்கயே வீரர் அசைஞ்ச உடனே கைல பட்டன் அழுத்துற ஆள் ஒருத்தர் இருக்காரு, கடைசிக் கோடு மட்டும்தான் லேசர். அதுக்கப்புறம் அந்தந்த காலேஜ்ல புரோ டேன்னு வைப்பாங்க, அது சொந்த தரை, முழுக்க கைவாட்ச், அங்க டைம் கொறஞ்சுதான் வரும், அதனால டீமுக்கு ஆள் தேடுற ஸ்கவுட்டுங்க அவங்கவங்க வாட்ச்ல அடிச்சதைத்தான் நம்புவாங்க, காலேஜ் குடுக்குற நம்பரை அப்படியே எடுத்துக்க மாட்டாங்க. கைவாட்ச்ல ஏன் கொறையுதுன்னா, ஆரம்பத்துல அவன் கெளம்பினதைப் பாத்த பொறவுதான் வெரல் அழுத்தும், முடிவுல அவன் வர்றது கண்ணுக்குத் தெரியுறதால வெரல் முன்னாடியே தயாரா இருக்கும். அத்லெட்டிக்ஸ்ல 100 மீட்டருக்கு கைவாட்ச் டைமோட 0.24 கூட்டி ஒப்பிடுற பழக்கம் இதுனாலதான். 0.2 செகண்டுன்னா உங்க பசங்க வேகத்துக்கு ஒன்றரை மீட்டர், ஒரு பந்தை எடுக்குறதும் விடுறதும் அதுலதான் இருக்கு.

இன்னொண்ணு, நல்லா அளந்த நம்பரும் முழுக் கதை சொல்லாது. பின்னாடி இந்த ஆட்டத்துலயே பெரிய ஜாம்பவான் ஆன டாம் பிராடி 2000ல 40 கெஜத்தை 5.28ல ஓடுனாரு, 199வது ஆளாத்தான் எடுத்தாங்க. ஜான் ராஸ் 2017ல 4.22 ஓடி அப்ப ரெக்கார்டு, 9வது ஆளா எடுத்தாங்க, ஆனா எதிர்பாத்த மாதிரி வரல. நீங்க அந்தப் பையனை மேட்ச்ல பாத்தீங்கல்ல, அதுவும் ஒரு அளவுதான் அண்ணே, அதை தூக்கிப் போடாதீங்க.

பள்ளத்தூர் கீப்பர்:
குதிக்கிற கணக்குல இதைவிட ஏமாத்து ஈஸி. செவத்துல சாக்பீஸ் வச்சு அளக்கும்போது நின்னு எட்டுற உயரத்தை எடுக்குறப்ப தோளை தளர விட்டு கைய முழுசா நீட்டாம வச்சா அங்கயே அஞ்சு சென்டிமீட்டர் கெடைச்சிரும். இப்ப போன் ஆப் வந்திருக்கு, அது காத்துல இருந்த நேரத்தை வச்சு கணக்கு போடும், அரை செகண்டு இருந்தா 30 சென்டிமீட்டர், 0.6 செகண்டு இருந்தா 44. எறங்கும்போது முட்டிய மடக்கி வச்சா கால் லேட்டா தரைல படும், ஆப்புக்கு அது உசரமா தெரியும். நான் 16 வயசுல ஒரு டிரையல்ஸ்ல குதிச்சப்ப பக்கத்துல நின்னவன் அப்படித்தான் மடக்குனான், அவனை எடுத்தாங்க, எனக்கு இன்னமும் அது ஆறல. கால் நேரா எறங்கலன்னா திரும்ப குதிக்க சொல்லுங்க. பீப் டெஸ்டுக்கு 20 மீட்டரை நைலான் கயித்துல அளக்காதீங்க, இழுக்க இழுக்க நீளும். கோட்டுக்கு அர எட்டு முன்னாடியே திரும்புறவனை கவனிக்க ரெண்டு பக்கமும் ஆள் நிறுத்துங்க.

செக்காலை கோச்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்ப 40 பேரையும் ஞாயித்துக்கெழம வரச் சொல்லிர்றேன். வாத்தியார் சார், ஒரே காலைல எப்படி ஓட்ட விடுறது?

தேவகோட்டை பி.டி. வாத்தியார்:
ஓட்டமும் குதிக்கிறதும் மட்டும் வை, பீப் டெஸ்டை வேற நாளைக்கு வச்சுக்க, அதை முன்னாடி வச்சா கால் செத்துரும். ஒரே எடம், ஒரே திசை, டேப் போட்டு அளந்த 30 மீட்டர், எல்லாரும் நின்ன எடத்துலேருந்து முன்காலை கோட்டுல வச்சு கெளம்பணும். ஸ்டாப்வாட்ச் வேணாம், போன்ல ஸ்லோமோஷன் போடு, செகண்டுக்கு 240 ஃபிரேம்னா ஒரு ஃபிரேம் 4 மில்லிசெகண்டுதான். ஆரம்பக் கோட்டுல ஒரு கூம்பு, கடைசிக் கோட்டுல ஒரு கூம்பு வச்சு, ரெண்டும் தெரியுற தூரத்துக்கு தள்ளி நடுவுல போனை ஸ்டாண்டுல வை, கூம்பு ஓடுற கோட்டை ஒட்டியே இருக்கணும், தள்ளி வச்சா கோணத்துல தப்பு வரும். ஆளுக்கு மூணு ஓட்டம், நடுவுல நாலு நிமிஷமாவது ஒக்கார விடு. ஒரே பையனுக்கே 0.15 வித்தியாசம் வந்தா, ரெண்டு பையனுக்கு நடுவுல இருக்குற 0.1ஐ வச்சு யாரையும் கழிக்காத. பொறந்த தேதியையும் பக்கத்துல எழுதி வை, மீசை மொளைச்சவன் இப்ப முந்துவான், மத்தவன் ரெண்டு வருஷத்துல வளந்துருவான்.

செக்காலை கோச்:
ஞாயித்துக்கெழம முடிஞ்சுச்சு. 38 பேர் வந்தாங்க. புதுவயல் பையனுக்கு ஷூ இல்ல, கூட வந்தவனோடதை வாங்கிப் போட்டு ஓடுனான், 4.63, 4.66, 4.61. அந்த 3.6 பையன் 4.52, 4.58, 4.55. அவனை தனியா கூப்ட்டு பயப்படாம சொல்லுப்பா, அங்க எப்படி ஓடுனன்னு கேட்டேன். "சார், பின்னாடி மரத்துக்கிட்டேருந்து வேகமா ஓடி வரச் சொன்னாங்க, கோட்டைத் தாண்டுறப்ப வாட்ச் அமுக்குனாங்க"ன்னான். அந்தப் பேப்பர்ல அந்த ஒரு வரி இல்ல. பையன் நல்ல பையன், நல்லாவும் ஓடுறான். ரெண்டு பேரையும் எடுத்தாச்சு, ஒருத்தன் ரைட்டு, ஒருத்தன் லெஃப்டு. பீப் டெஸ்ட் அடுத்த வாரம், கொத்தனார்ட்ட டேப் கேட்டு வாங்கி வச்சுட்டேன்.