பால் பரிசோதனைக் கருவிக்கு கிராண்ட்: எதற்கு முதலில் விண்ணப்பிப்பது?

பொம்மசந்திரா பொறியாளர் (ஆகஸ்ட் 2023)
வணக்கம். பெங்களூரில் பிரைவேட் லிமிடெட் பதிவு செய்து 14 மாதம் ஆகிறது. டிபிஐஐடி (மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை) தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் இருக்கிறது. பால் சேகரிப்பு மையங்களில் கொழுப்பு அளக்கும் கையடக்கக் கருவி செய்கிறோம். முதல் சர்க்யூட் போர்டு ஓடுகிறது, பெட்டி இன்னும் 3டி பிரிண்ட்தான். மத்திய அரசின் நிதி பிரயாஸ் (முன்மாதிரி செய்ய உதவும் திட்டம்), ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட், கர்நாடக அரசின் எலிவேட் என்ற மூன்று கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவி) திட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போடலாமா? மாதிரிக் கருவிக்கே 10 லட்சத்துக்கு மேல் ஆகும்போல் தெரிகிறது.

ஜாலஹள்ளி வாசி
போடலாம். ஆனால் பணம் எந்த வரிசையில் கைக்கு வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சீட் ஃபண்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனிக்கு 2 வயது தாண்டியிருக்கக் கூடாது. உங்களுக்கு மிச்சம் 10 மாதம். மத்திய, மாநில அரசுத் திட்டம் எதிலிருந்தும் 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கவும் கூடாது. பிரயாஸின் உச்சவரம்பு 10 லட்சம், அதனால் அதை வாங்கினாலும் சீட் ஃபண்ட் கதவு மூடாது. எலிவேட்டில் 25 லட்சம் முதலில் வந்துவிட்டால் சீட் ஃபண்ட் போச்சு.

ஆகவே பிரயாஸும் சீட் ஃபண்டும் முதலில், எலிவேட் பிறகு. சீட் ஃபண்ட் பணம் இன்குபேட்டர்கள் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையங்கள்) வழியாகத்தான் வரும், விண்ணப்பத்தில் 3 வரை தேர்ந்தெடுக்கலாம். மூன்றில் ஒன்றாவது உணவு, பால், வேளாண் துறை தெரிந்ததாக இருக்கட்டும்.

பொம்மசந்திரா பொறியாளர்
நன்றி சார். எலிவேட் போட்டிதானே? பரிசுப் பணம் அந்த 10 லட்சத்தில் சேராது என்று படித்தேன்.

ஜாலஹள்ளி வாசி
போட்டிப் பரிசு சேராதுதான். ஆனால் எலிவேட்டில் வருவது பரிசல்ல, கிராண்ட்-இன்-எய்ட், அதாவது அரசு மானியம். தேர்வு போட்டிபோல நடப்பதால் பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

பீன்யா பட்டறை
வரிசை சரி. விண்ணப்பம் விழுவது பெரும்பாலும் மைல்கல் (எந்தக் கட்டத்தில் எதை முடிப்போம் என்ற இலக்கு) எழுதும் இடத்தில். சீட் ஃபண்ட் கிராண்ட் 20 லட்சம் வரை, அதுவும் தவணையாகத்தான். மைல்கல் முடிந்தால்தான் அடுத்த தவணை. "சென்சார் துல்லியத்தை மேம்படுத்துதல்" என்று எழுதினால் அது முடிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "100 பால் மாதிரிகள், பசும்பாலும் எருமைப்பாலும் பாதிப்பாதி, கெர்பர் முறையோடு ஒப்பிட்டு கொழுப்பு வித்தியாசம் 0.1 சதவீதத்துக்குள்" என்று எழுதுங்கள். கெர்பர் என்பது பால் கொழுப்பை அளக்கும் வழக்கமான ஆய்வக முறை. மாதிரிகளை எந்த வெப்பநிலையில் அளந்தீர்கள் என்பதும் வேண்டும், காலைப் பாலும் குளிர்வித்த பாலும் ஒரே அளவைக் காட்டாது.

பட்ஜெட்டில் போர்டுக்கு ஒரு சுற்று மட்டும் போடாதீர்கள். 3 சுற்று, சுற்றுக்கு 10 போர்டு என்று வையுங்கள். பிளாஸ்டிக் பெட்டி வார்க்கும் இன்ஜெக்ஷன் மோல்டு (உலோக அச்சு) இந்தக் கட்டத்தில் வேண்டாம். பெட்டியின் அளவு மாறினால் மோல்டு பணம் முழுக்க வீண். 20 பெட்டிக்கு வேக்யூம் காஸ்டிங் (சிலிக்கோன் அச்சில் வார்ப்பது) போதும். இஎம்ஐ (மின்காந்தக் குறுக்கீடு) சோதனைக்குத் தொகை ஒதுக்குங்கள், பீன்யாவிலேயே இடிடிசி என்ற மத்திய அரசின் மின்னணுச் சோதனை மையம் இருக்கிறது. பிரயாஸ் பணம் முன்மாதிரிக்கு மட்டும், உங்கள் சம்பளத்தை அதில் எழுதாதீர்கள்.

வரவு செலவு
கணக்குப் பக்கம் யாரும் தொடவில்லை. கிராண்டுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறங்கள். அதில் சேரும் வட்டி உங்களுடையதல்ல, அரசுக்குத் திரும்பப் போக வேண்டியது. ஒப்புதல் தேதிக்கு முன் வாங்கிய பொருளின் பில் ஏற்கப்படாது. இயக்குநர் தன் பெயரில் கார்டில் வாங்கிய உதிரிபாகமும் தகராறுதான். பில் கம்பெனி பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கட்டும்.

மார்ச் 31 அன்று சப்ளையருக்குக் கொடுத்த அட்வான்ஸ் செலவல்ல, பொருள் வந்து பில் ஏறினால்தான் செலவு. இதைச் செலவாகக் காட்டிய பயன்பாட்டுச் சான்றிதழ் (கிராண்ட் பணம் எதற்குச் செலவானது என்று ஆடிட்டர் தருவது) திரும்பி வரும், அடுத்த தவணையும் நிற்கும். ஆடிட்டர் கையெழுத்தோடு யூடின் எண் (அந்தச் சான்றிதழுக்கான தனி அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு கிராண்ட் ஒன்றாக ஓடினால் ஒரே பில்லை இரண்டிலும் காட்டவே கூடாது. போர்டு எல்லாம் பிரயாஸில், களச் சோதனை எல்லாம் சீட் ஃபண்டில் என்று இப்போதே பிரித்துவிடுங்கள்.