ஹாரன் அடிக்கவில்லை: கோளாறு ஸ்டீயரிங்குக்குள்தானா?

வணக்கம் நண்பர்களே. காரில் ஹாரன் வேலை செய்யவில்லை. முதலில் விட்டுவிட்டு அடித்தது. இப்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுதாக ஒடித்துப் பிடித்தால் மட்டும் எப்போதாவது சத்தம் வருகிறது.

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தால் ஹாரன் கணீரென்று ஒலிக்கிறது. பட்டனை அழுத்தினால் ஹாரனுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலேயைக் கழற்றிவிட்டு, அதன் சாக்கெட்டில் 30, 87 என்ற இரண்டு பின்களையும் இணைத்தாலும் அடிக்கிறது. ஆக ஹாரனும் அதன் வயரிங்கும் சரி. அதே வகையில் வேறு ரிலே போட்டும் பட்டனை அழுத்தினால் ‘டிக்’ சத்தமே இல்லை. ரிலே காயிலின் ஒரு முனைக்கு 12 வோல்ட் வருகிறது. பட்டன் வழியாக மறுமுனைக்குக் கிடைக்க வேண்டிய எர்த் (நெகட்டிவ்) இணைப்புதான் வரவில்லை.

என் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் மீது. ஸ்டீயரிங் திரும்பும்போது கூடவே சுருண்டு விரியும் அந்த ரிப்பன் கேபிள் எங்கோ அறுந்திருக்கலாம். ஏர்பேக் விளக்கும் இப்போது எரிகிறது. அந்த இணைப்பும் அதே வழியாகத்தானே போகிறது! ஹாரனை விட இதுதான் பெரிய கவலை. மெக்கானிக்கோ பட்டனை மாற்றினால் போதும் என்கிறார். பட்டன் தேய்ந்தால் ஏர்பேக் விளக்கு ஏன் எரிய வேண்டும்?

ஏர்பேக்கைக் கழற்றாமல், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள கனெக்டரில் ஹாரன் வயரை மட்டும் சோதித்து இதை உறுதி செய்ய முடியுமா? மஞ்சள் ஏர்பேக் கனெக்டரில் மல்டிமீட்டர் வைக்கக் கூடாது என்று தெரியும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டுத்தான் கை வைப்பேன். அப்புறம், மாற்றியவர்கள் யாராவது புது கிளாக் ஸ்பிரிங்கைச் சரியாக நடுவில் எப்படி நிறுத்தினீர்கள் என்றும் சொல்லுங்கள்.