குத்துச்சண்டை ஆடிய அண்ணனை எந்த மருத்துவரிடம் காட்டுவது?

வணக்கம். வடசென்னையில் 15 ஆண்டுகள் குத்துச்சண்டை ஆடிய என் அண்ணனுக்கு 42 வயதுதான். சட்டைப் பொத்தானைப் பாதி போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கிறார். சொன்னதையே சொல்கிறார். ஒருமுறைகூட மயங்கி விழாததால் அலட்சியமாக இருந்துவிட்டோம். மயக்கம் வராத சிறு அடிகளும் நாளடைவில் சேர்ந்து மூளையைப் பாதிக்கலாம் என்பது இப்போதுதான் தெரிந்தது. அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் குத்துச்சண்டை வீரர்களின் இந்தப் பாதிப்பை 1928-லேயே எழுதியிருக்கிறார்! இந்த நோயை உறுதிசெய்வது இறந்தபின் மூளையை ஆராய்ந்துதானாம். ஆனாலும் தைராய்டு, பி12 குறைபாடு, மண்டைக்குள் இரத்தக்கசிவு என்று தீர்க்கக்கூடிய காரணம் எதுவும் இருக்கலாமே.

சென்னையில் நினைவாற்றல் பரிசோதனை செய்யும் நரம்பியல் மருத்துவர் யாரையாவது தெரியுமா? பழைய வீரர்களின் குடும்பத்தார் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். இன்றும் மாலையில் கையுறையை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்புகிறார். அவரை எப்படி நிறுத்துவது?